சிவப்பு சீட்டில் நாலு நகம்

“பேரு, வயசு, இப்ப இருக்கிற இடம். மொதல்ல இந்த மூணையும் சொல்லு. மத்த கதையெல்லாம் அப்புறம்” என்று ஃபோனை ஊசியின் வாய்க்கு நேராக நீட்டினான் வாலு. “நீ பேசப் பேச இதுவே எழுதிக்கும். அதனால மூக்கை உறிஞ்சாம பேசு. அதையும் எழுதித் தொலைக்கப் போகுது.”

ஊசி பேரைச் சொன்னான். அப்பா ஆசையாக வைத்த பேர். இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. ஒல்லி உடம்பும் சீட் தைக்கிற தொழிலுமாகச் சேர்ந்து வைத்த பேர்தான் ஊசி. வயசு இருபத்தாறு. இருக்குமிடம், இதே ஒர்க்‌ஷாப்பின் மாடியில் பழைய டயர் அடுக்கி வைக்கும் அறை.

“டயரோட படுக்கிறியா? நல்லது. ஜெயில்ல பாய் கொடுப்பாங்க. ஒரு படி மேலதான்” என்றான் வாலு.

நாற்பது வயசுக்காரனை ஏன் வாலு என்று கூப்பிடுகிறார்கள் என்பது ஊசிக்குப் பத்து நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. ஒன்று, வாய் அடங்காது. இரண்டு, சர்வேயர் மேடம் எங்கே நகர்ந்தாலும் பின்னாலேயே நகரும். மேடம் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவள். இப்போது அதே வேலையை மனுஷர்களிடம் செய்கிறாள்.

மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வந்தால் ஊசியைக் கூட்டிக்கொண்டு போவார். பல் டாக்டரின் மனைவியைக் காணோம் என்று ஆகிப் பத்து நாள். “வியாழக்கிழமை காலையில சீட்டை ஒட்டணும்னு அவளே காரை எடுத்துட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா. சாயங்காலம் நான் போய்ப் பார்த்தா கார் மட்டும்தான் நிக்குது” என்பது டாக்டர் வாக்குமூலம். “அந்தம்மாவ நான் பாக்கவே இல்ல. டாக்டர்தான் ஏழரை மணிக்கு வந்து காரை விட்டுட்டு, சாவியக் கொடுத்துட்டுப் போனாரு” என்பது ஊசி வாக்குமூலம். அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேறு ஒருத்தரும் இல்லை. முதலாளி பத்து மணிக்கு மேல்தான் கண் விழிப்பார். டாக்டருக்கு ஊரில் பாதிப் பேரின் பல் தெரியும். ஊசிக்கு முதலாளியைத் தவிர யாரையும் தெரியாது. யார் பேச்சு எடுபடும் என்று கேட்கவா வேண்டும்?

காணாமல் போனவளின் அக்காதான் மேடத்தைப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருந்தாள். மேடம் டாக்டருக்கு ஃபோன் போட்டு, “ஒட்டின இடம் சாயம் போயிடும், ஒருதடவை கொண்டு வந்துடுங்க, கேரண்டி இருக்கு” என்று வாலுவை முதலாளியின் குரலில் பேச வைத்தாள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று ஆகும். டாக்டர் வந்தார். கண்ணாடி அறைக்குள் முதலாளியோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். பாலாடை நிறக் கார், நாற்பது வருஷப் பழசு, உள்ளே ரத்தச் சிவப்பில் ரெக்சின் சீட்டுகள். கதவு நாலும் திறந்து கிடக்க, மேடம் தலையை உள்ளே விட்டிருந்தாள்.

“கிழிசல் எப்படி இருந்துச்சு?”

“ஒரு ஜாண் இருக்கும் மேடம். டிரைவர் சீட்ல, முதுகு சாயற இடத்துல.”

“எவ்வளவுன்னு கேக்கல. எப்படின்னு கேட்டேன்.”

ஊசி யோசித்தான். “நேரா இருந்துச்சு.”

“நாப்பது வருஷ ரெக்சின் நேராக் கிழியுமா?”

கிழியாது. காய்ந்த ஏரி மாதிரி வெடிக்கும். தையல் ஓரத்தில் பிரியும். வெயில் படுகிற மூலையில் செதில் செதிலாக உதிரும். இதுவோ ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிழிந்திருந்தது, அடியில் இருந்த பஞ்சும் சேர்ந்து. அன்றைக்கு அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. நேரான கிழிசல் என்றால் ஒட்டுவது சுலபம்.

“கத்தி மேடம்” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

“பத்து நாளா உனக்குத் தெரிஞ்சிருக்கு. பத்து நாளா யாருக்கும் சொல்லல.”

“யாரும் கேக்கல.”

“பாத்தியா” என்றான் வாலு, ஃபோனைப் பார்த்து. “நியாயமான பதில். தூக்குல போடும்போதும் இதையே சொல்லு.”

மேடம் சிரிக்கவில்லை. ஒட்டின இடத்தில் விரலை வைத்தாள். “வேலை நல்லா இருக்கு. தோல் மாதிரி வரி வரியா இருக்கே, இது எப்படி வந்துச்சு?”

“ஷீட் மேடம். வெளிநாட்டு ஷீட். பசை மேல வச்சுச் சூடு காட்டினா வரி விழுந்துடும்.”

வாசலில் ஆளுயர போர்டிலும் அதுதான் எழுதியிருந்தது. வெளிநாட்டு ஷீட்டில் ரெக்சின் ஒட்டு, எங்களிடம் மட்டுமே.

“அந்த ஷீட்டைக் காட்டு.”

“தீர்ந்துபோச்சு மேடம்.”

“கவர்?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

மேடம் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். நேராக அடிக்காமல், சீட்டோடு சீட்டாகப் படுக்க வைத்து ஒளியை ஓடவிட்டாள். “கண்ணை மூடிக்கோ. கையைக் கொடு.”

அவன் விரலைப் பிடித்து ஒட்டின் மேல் இழுத்துக்கொண்டு போனாள். வரி, வரி, வரி. அப்புறம் ஒரு பள்ளம். பக்கத்திலேயே இன்னொன்று. இன்னும் இரண்டு. பிறை மாதிரி வளைந்த நாலு சின்னப் பள்ளம், வரிசையாக.

“எந்த நாட்டு ஷீட்டுல நகம் முளைக்குது?”

ஊசி கண்ணாடி அறையைப் பார்த்தான். முதலாளி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். ஷீட் என்று ஒன்று இல்லவே இல்லை. வேலை கேட்டு வந்த முதல் நாள், வயிறு காய்ந்த பயத்தில் விட்ட கதை அது. முதலாளி அந்தக் கதையைப் போர்டில் எழுதி மாட்டிவிட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் போர்டும் போகும், மாடி அறையும் போகும், வெளியூர்க்காரனான அவன் இந்த ஊரில் தங்குவதற்கான காகிதமும் முதலாளி கையெழுத்தில்தான் இருக்கிறது.

“அழறதா இருந்தா வெளிய போய் அழு” என்றாள் மேடம். “ரெக்சின்ல ஈரம் படக்கூடாது.”

“அச்சு எடுத்தேன் மேடம்” என்றான். “ஷீட் இல்ல. ரெண்டு உருண்டை மாவு மாதிரி வரும், ஒண்ணாப் பிசைஞ்சா அஞ்சு நிமிஷத்துல ரப்பர் ஆயிடும். பிசைஞ்சு, சீட்ல நல்லா இருக்கிற இடத்துல அழுத்திடுவேன். அந்த வரி அப்படியே அதுல ஏறிடும். அதை எடுத்து இங்க சூடான பசை மேல அழுத்துவேன். அவ்வளவுதான். அந்தந்தக் காரோட வரி அந்தந்தக் காருக்கே வந்துடும்.”

“இதுல எந்த இடத்துல எடுத்த?”

“பக்கத்து சீட்டு. டிரைவர் பக்கம் பாத்த மாதிரி இருக்கிற ஓரம். அங்க வெயில் படாது, வரி தேயாம இருக்கும்.”

“பள்ளம் இருந்தது தெரியலையா?”

“இருட்டு மேடம், அந்த ஓரம். ஒட்டின பிறகு லேசாத் தெரிஞ்சுது. பழைய சீட்டு, ஏதோ சுருக்கம்னு நெனச்சேன். அதுவும் ஒரு அழகா இருந்துச்சு, புது ஒட்டு மாதிரியே தெரியல. முதலாளிகூட...” அன்றைக்கு முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த நாலு பள்ளத்துக்காகத்தான் தட்டிக் கொடுத்தார்.

மேடம் டார்ச்சைப் பக்கத்து சீட்டின் ஓரத்துக்குத் திருப்பினாள். அங்கே பள்ளம் இல்லை. வரியும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ரெக்சின் வழவழவென்று கண்ணாடி மாதிரி மின்னியது.

“இது என் வேலை இல்ல மேடம்!” ஊசி அலறாத குறை. “சூடு காட்டித் தேச்சிருக்காங்க. இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி இருக்கு. பள்ளம் எழும்பிடும், ஆனா வரி செத்துடும். நான் காரை அனுப்பினப்ப இந்த ஓரம் நல்லா இருந்துச்சு.”

“ஆக, துணிக்குப் பதிலா சீட்டை இஸ்திரி போடற குடும்பம்” என்றான் வாலு. “மேடம், நகத்தை அழிச்ச மகராசன், நகத்தோட நகல் அரை அடி தள்ளி உக்காந்திருக்கிறதப் பாக்கல.”

“ஷீட்டுன்னு சொன்னா எப்படிப் பாப்பான்?” மேடம் நிமிர்ந்தாள். “அந்த மாவை எங்க வாங்கின?”

“பல் டாக்டருங்களுக்குச் சாமான் விக்கிற கடையில மேடம். வாயில வச்சுப் பல்லு அச்சு எடுப்பாங்கல்ல, அதேதான்.”

வாலு மெதுவாக விசில் அடித்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டர் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயசு, மடிப்புக் கலையாத சட்டை, பேசுவதற்கு முன்னாலேயே சிரிக்கிற முகம். முதலாளி பின்னாலேயே வந்தார்.

“என்னப்பா, முடிஞ்சுதா?” என்றார் டாக்டர். ஊசியைப் பார்த்து, பல் பிடுங்கும் முன் குழந்தையைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். “இவனைத் திட்டாதீங்கம்மா. எனக்கு இவன் மேல கோவமே இல்ல. அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க இல்ல? உண்மையைச் சொல்லிடுப்பா. அவளை எங்க விட்டேன்னு சொல்லிட்டா, நானே உனக்கு வக்கீல் வச்சுத் தர்றேன்.”

அந்த அன்பு ஊசியின் முதுகுத்தண்டில் ஐஸ் மாதிரி இறங்கியது. பத்து நாளாக எல்லாரும் இந்தக் குரலைத்தான் நம்புகிறார்கள். கொஞ்சம் விட்டால் அவனே நம்பிவிடுவான்.

“நல்ல வண்டி டாக்டர்” என்றாள் மேடம். “சீட்டைத் தவிர வேற ஏதாச்சும் ரிப்பேர் இருந்தாச் சொல்லுங்க. இவன் இருக்கிற அரை மணி நேரத்துல பாத்துடட்டும்.”

“ரிப்பேரா? எங்கப்பா வாங்கின வண்டிம்மா. ஒரு கைப்பிடி, ஒரு பூட்டு மாத்தினது கிடையாது. எல்லாம் வந்தப்ப இருந்ததுதான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றது” என்றான் வாலு, காரின் பின்பக்கம் போய் டிக்கி மேல் தாளம் போட்டபடி. “முன்னால பட்டு, பின்னால துரு. என் மாமனார் இப்படித்தான் ஒண்ணு வச்சிருந்தாரு. ஹாரன் அடிச்சா விளக்கு எரியும். டிக்கியைத் திறக்க நாலு பேரும் ஒரு கடப்பாரையும் வேணும்.”

“அது உங்க மாமனார்.”

“கிழவி கிழவிதானே டாக்டர், எந்த வீட்டுல இருந்தா என்ன? இந்தப் பூட்டுல சாவி போட்டா சாவி திரும்பாது, உங்க கைதான் திரும்பும். பந்தயம்.”

டாக்டரின் சிரிப்பு ஒரு நூல் குறைந்தது. காரைச் சொன்னால் சில பேருக்கு அம்மாவைச் சொன்ன மாதிரி. சாவியை எடுத்தார். ஒரு திருப்பு. டிக்கி, வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி சத்தமில்லாமல் மேலே எழுந்தது. உள்ளே துடைத்துக் கழுவின தரை. சோப்பு வாசனை.

“பாத்துக்கோங்க. காலி. சுத்தம்” என்றார் டாக்டர். “நாப்பது வருஷமா இப்படித்தான் திறக்குது.”

“நாப்பது வருஷமாவா?”

கேட்டது மேடம் இல்லை. இன்ஸ்பெக்டர். ஷட்டரின் கீழே, கையில் தொப்பியோடு நின்றிருந்தார். நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். அவரை அந்த நேரத்துக்கு வரச்சொல்லி மேடம் தகவல் அனுப்பியிருந்தாள் என்பது ஊசிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டும்போது அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது. “வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் இங்க வந்தேன். உங்க வீட்டைத் தேடிட்டு நேரா இங்கதான் வந்தேன். டிக்கியத் திறன்னு இவங்கிட்டச் சொன்னேன். திறக்காதுன்னு சொல்லித்தான் நீங்க காரை விட்டுட்டுப் போனீங்கன்னு இவன் சொன்னான். உங்களுக்கு ஃபோன் போட்டேன்.” விரலால் வரியைத் தொட்டார். “‘பூட்டு ரிப்பேர், ரெண்டு வருஷமா டிக்கியத் திறக்கிறதே இல்ல சார்.’ உங்க வார்த்தை டாக்டர். அப்படியே எழுதி வச்சிருக்கேன். எழுதி வச்சுட்டு, திறக்காம போயிட்டேன்.”

காற்று நிரப்புகிற மெஷின் மட்டும் மூலையில் விட்டு விட்டு இருமிக்கொண்டிருந்தது.

மேடம் பேசினாள். சின்னச் சின்ன வாக்கியம். “புதன்கிழமை ராத்திரி இந்தப் பக்கத்து சீட்ல ஒரு பொம்பள நகத்தை ஊனிப் போராடியிருக்கா. அவ அக்கா, தங்கச்சி ஃபோன் எடுக்கலைன்னு, காலைல போலீஸோட வருவேன்னு உங்ககிட்ட ஃபோன்ல சொல்லியிருக்கா. வீட்டைத் தேடுவாங்க, கார் ஷெட்டைத் தேடுவாங்க. அப்ப அவளை டிக்கியில அடைச்ச கார் வீட்ல இருக்கக் கூடாது. ரோட்ல நிறுத்தினா யாராச்சும் பாப்பாங்க. பட்டப்பகல்ல, ஆள் நடமாட்டத்துல, காரணத்தோட ஒரு கார் நாள் பூரா நிக்கிற இடம் எது? ஒர்க்‌ஷாப். காரணம் வேணுமே, அதுக்கு ஒரு ஜாண் கத்தி.” டாக்டரைப் பார்த்தாள். “சீட்ல இருந்த நகத்தை அப்புறம் நீங்க தேச்சுட்டீங்க. ஆனா இவன் அதுக்கு முன்னாடியே அச்சு எடுத்துட்டான். நீங்க பல்லு அச்சு எடுக்கிற அதே மாவுல. வெளிநாட்டு ஷீட்னு இவன் பொய் சொல்லாம இருந்திருந்தா, அச்சுன்னு ஒரு வார்த்தை உங்க காதுல விழுந்திருந்தா, இந்த ஒட்டும் இன்னைக்கு இருந்திருக்காது. இல்லையா?”

டாக்டர் டிரைவர் சீட் பக்கம் வந்தார். ஒட்டின் மேல் விரலை ஓட்டினார். தொழில்காரன் விரல், நாலு பள்ளத்தையும் ஒன்று, இரண்டு என்று தானாகவே கண்டுபிடித்தது.

“அருமையான அச்சு” என்றார். கோப்பையை மேஜை மேல் வைத்தார். “ஆனா நாலு பள்ளம். ஒரு பூட்டு. உடம்பு இருக்கா உங்ககிட்ட? இல்ல. இதுக்கெல்லாம் யாரையாச்சும் உள்ள போட்டிருக்காங்களா இன்ஸ்பெக்டர்? அவ உயிரோட இந்த டிக்கியில இருந்தான்னு ஒருத்தர் சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடறேன்.”

இன்ஸ்பெக்டர் பின்னால் நின்ற கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கண் காட்டினார். அப்புறம் ஊசியிடம் திரும்பினார். “நீ போலாம். உன் பேர்ல ஒண்ணும் இல்ல.”

பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. முதலாளி அவனைப் பார்க்காமலே, “ஷீட் இல்லையாம்ல? மாடியைக் காலி பண்ணிடு” என்றார். அதுகூட அந்த நேரத்துக்குப் பெரிசாகப் படவில்லை. ஊருக்கு, தன் அக்காவிடம் போகலாம். எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

“ஒரே ஒரு கேள்வி” என்றாள் மேடம். முதல்தடவையாகத் தணிந்த குரல். அது இன்னும் கொடுமையாக இருந்தது. “எட்டு மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் நீ இந்தக் காருக்குள்ளயே இருந்த. ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?”

“இல்ல மேடம்.”

வேகமாகச் சொல்லிவிட்டான். ரொம்ப வேகமாக.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடவில்லை. “யோசிச்சுச் சொல்லு. கேக்கலைன்னா கேக்கலை, அதோட முடிஞ்சுது, நீ கிளம்பலாம். கேட்டும் திறக்கலைன்னா, என்னையும் திறக்க விடலைன்னா, நான் உன்னை விட முடியாது. என்னையும் விட மாட்டாங்க.” அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

ஊசி கழுவின டிக்கியைப் பார்த்தான். டிரைவர் சீட்டின் முதுகுக்கும் பின்சீட்டின் முதுகுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவனுக்கு அளவு தெரியும். பின்சீட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது வெறும் அட்டை.

வாலு ஃபோனை இன்னும் அணைக்கவில்லை. கிண்டல் எதுவும் சொல்லாமல் அதை அவன் பக்கம் நீட்டினான். ஊசி வாங்கி வாயருகே வைத்துக்கொண்டான். முதலில் பேசினது எதுவும் தொடராமல், புது ஆளிடம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தான்.

“கேட்டுச்சு. மொதல்ல ஒன்பது மணி இருக்கும். அடிக்கிற மாதிரி இல்ல, உதைக்கிற மாதிரி. மூணு, அப்புறம் நிக்கும். மறுபடியும் மூணு. பக்கத்துக் கடையில வேலை நடக்குதுன்னு நெனச்சேன். சூடு காட்டுற ஹீட் கன் சத்தத்துல சரியாக் கேக்கல. நிறுத்தினா கேட்டுச்சு. அதனால நிறுத்தாம வேலை பாத்தேன். எனக்கு எரிச்சலா இருந்துச்சு. பத்தரை மணிக்கு ஊர்ல இருக்கிற எங்க அக்காவுக்கு ஃபோன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பினேன். டிரைவர் சீட்ல உக்காந்துதான் பேசினேன். அக்கா திருப்பிக் கேட்டா, என்னடா அது தட்டுற சத்தம்னு. பக்கத்துல ஆணி அடிக்கிறாங்கக்கான்னு சொன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன். போலீஸ் சார் வந்தப்ப சத்தம் நின்னுபோயிருந்துச்சு. என் ஃபோன்ல இடம் இல்லாததால அனுப்பினதையெல்லாம் அழிச்சுட்டேன். அக்காகிட்ட இருக்கும். நான் அனுப்பினது எதையும் அவ அழிக்க மாட்டா. அவ நம்பரை இதுக்குக் கீழ எழுதச் சொல்றேன். இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அவளுக்கு ஃபோன் பண்ணி அந்தப் பதிவை வாங்கிக்கோங்க. கோர்ட்ல போட்டுக் காட்டுங்க. ஆனா அது என்ன சத்தம்னு எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க.”